கலியாணத்துக்கு முன் சொத்து உடன்படிக்கை: இங்கே எவ்வளவு தூரம் செல்லும்?

கேள்வி: எங்கள் பூர்வீகம் கோண்டாவில், இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 29 வயது. வங்கிக் கடன் எடுத்து தெஹிவளையில் தன் பெயரில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறாள். இப்போது கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை லண்டனில் வேலை செய்கிறார், அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்தில். கோண்டாவில் காணியையும் நகைகளையும் மகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தாலும் இவை மகளிடமே இருக்க வேண்டும். கலியாணத்துக்கு முன்பே இரு தரப்பும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம் என்கிறான் என் தம்பி. அதைக் கேட்பதே அபசகுனம் என்கிறார் கணவர். அப்படி எழுதினால் இலங்கையில் செல்லுமா?

பதில்: செல்லும். ஆனால் உங்கள் தம்பி நினைக்கிற அளவுக்குச் செல்லாது. நீங்கள் பயப்படுகிற விடயங்களில் பாதிக்கு அந்த உடன்படிக்கை தேவையே இல்லை, ஒழுங்காக எழுதிய உறுதிப் பத்திரம் போதும்.

இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன்-டச்சுச் சட்டம், மணம் முடிக்கப் போகிறவர்கள் சொத்துப் பற்றி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வதை ஏற்கிறது. காணி, வீடு பற்றி அதில் ஏதாவது இருந்தால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தால், காணியைப் பொறுத்தவரை அது வெறுங்கடதாசி.

எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, உங்கள் மகளுக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பது. என்னிடம் வரும் கொழும்புக் குடும்பங்களில் பலர் இதை யோசித்தே இருப்பதில்லை. பொதுச் சட்டம் பொருந்துகிறவர்களுக்கு, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்ததிலிருந்து கணவன் மனைவிக்குள் பொதுச் சொத்து என்பதே இல்லை. அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கு. மலையகக் குடும்பங்களும் மட்டக்களப்புத் தமிழரும் இந்தப் பக்கம்தான். அவர்களுக்கு 'என் வீடு எனக்கே' என்று உடன்படிக்கை எழுதுவது, சட்டம் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்வது.

உங்கள் குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்தலாம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் 1947 திருத்தத்தாலும் மாற்றப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் இது. தமிழர் என்பதற்காக எல்லோருக்கும் இது பொருந்தாது. வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவரா என்பதுதான் கேள்வி. வேலைக்காகக் கொழும்பு வந்ததால் மட்டும் அது விட்டுப்போவதில்லை. ஆனால் இரண்டு தலைமுறையாக வெள்ளவத்தையே வீடு என்றால் விட்டுப்போயிருக்கலாம். அப்புறம் இன்னொரு சிக்கல்: தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாதவரை மணந்தால் அந்தத் திருமண காலத்தில் அது அவளுக்குப் பொருந்தாது. உட்படாத பெண் உட்பட்டவரை மணந்தால் பொருந்தும். ஆகவே மாப்பிள்ளை லண்டனிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவரா, யாழ்ப்பாணம் திரும்பும் எண்ணம் உள்ளவரா என்பது உங்கள் மகளின் காணி வரைக்கும் வந்து சேரும் கேள்வி.

தேசவழமையில் முதுசமும் (பெற்றோர் வழியில் வந்த சொத்து) சீதனமும், கலியாணத்துக்கு முன் மகள் வாங்கிய ஃப்ளாட்டும் அவளுடைய தனிச் சொத்து. கணவரின் கடனுக்கு அவை பொறுப்பல்ல. இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் அந்தக் காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் காரணமின்றி மறுத்தாலோ கைவிட்டுப் போனாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம்தான், ஆனால் அதற்கு ஒரு வழக்கு வைக்க வேண்டுமே. 2026இலும் ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டை விற்க இப்படி அலைவது அநியாயம் என்பது என் கருத்து. சட்டம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. தேடிய தேட்டம் என்பது, தனிச் சொத்தின் பணமல்லாத வேறு பணத்தில் கலியாணத்தின் பின் வாங்கியவையும், தனிச் சொத்திலிருந்து அந்தக் காலத்தில் வரும் இலாபமும். தெஹிவளை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டால் வீடு மகளுடையது, வாடகை தேடிய தேட்டம். கடன் தவணையைக் கலியாணத்தின் பின் எந்தப் பணத்தில் கட்டினாள் என்றும் நாளை ஒருவர் வாதிடலாம். உடன்படிக்கை உண்மையில் உதவுகிற இடம் இதுதான்: யார் எங்கே நிரந்தரமாக வசிப்பவர், இன்றைக்கு யாரிடம் என்ன இருக்கிறது, கடனில் மீதி எவ்வளவு, அதை யார் கட்டப் போகிறார் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணம். நீதிமன்றத்தை அது முழுதாகக் கட்டிப்போடாது, ஆனால் சண்டை தொடங்கும் முன் எழுதிய சாட்சியத்துக்கு நிறை உண்டு.

இனி உதவாத இடம். தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக்கான பணம்) கேட்க மாட்டேன், பிள்ளை என்னிடமே இருக்கும் என்றெல்லாம் எழுதினால் அவை நீதிமன்றத்தில் நிற்காது. பிள்ளை விடயத்தில் பிள்ளையின் நலனைத்தான் நீதிபதி பார்ப்பார். தாபரிப்புக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், விவாகரத்துத் தீர்ப்பின்போது ஒருவர் மற்றவருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கவோ, ஒரு தொகையாகவோ மாதாமாதமோ பணம் கட்டவோ உத்தரவிட குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. திருமணத்துக்கு முன்போ பின்போ செய்த சொத்து ஏற்பாடுகளை விசாரிக்க 618ஆம் பிரிவு வழி செய்கிறது.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். நம் பொதுச் சட்டத்தில் காரணங்கள் மூன்றே: திருமணத்தின் பின் வேறொருவருடன் தகாத உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த, குணப்படுத்த முடியாத தாம்பத்திய இயலாமை. ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகக் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு ஒன்றை நிரூபிக்கத்தான் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தென்னக்கோன் வழக்கில் சொல்லிவிட்டது. இருவரும் சம்மதித்தாலும் ஒருவர் மற்றவரைக் குற்றம் சாட்டியாக வேண்டும். அதனால் 'கைவிட்டுப் போதல்' என்று வழக்கு வைத்து, மற்றவர் எதிர்க்காமல் இருக்க, சொத்தும் பணமும் சட்டத்தரணிகளுக்கு இடையே பேசித் தீர்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்தப் பேச்சில் கையில் ஆவணம் வைத்திருப்பவரின் பேச்சு எடுபடும். ஆவணம் இல்லாதவர் குற்றச்சாட்டையே பேரம் பேசும் ஆயுதமாக்குவார், வழக்கு இழுபடும். தீர்ப்பு வந்தாலும் முதலில் இடைக்கால ஆணைதான். மூன்று மாதத்துக்குப் பிறகே அது முற்றாகும், அதுவரை மறுமணம் இல்லை.

ஆகவே முதலில் உறுதியைப் பாருங்கள். கோண்டாவில் காணியை மகள் பெயரில் மட்டும், சீதன உறுதியாகவோ நன்கொடை உறுதியாகவோ எழுதி, மகளே ஏற்றுக் கையெழுத்து வைத்து, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். 'மரியாதைக்கு' மகள் மருமகன் இருவர் பெயரையும் போடுகிற பழக்கம் உண்டு. அப்படிப் போட்டால் அவருடைய பங்கை மீட்க வழக்காட வேண்டிவரும். நகைகளுக்குப் பற்றுச்சீட்டு, படம், நிறையுடன் ஒரு பட்டியல், மகள் பெயரில் வங்கிப் பெட்டகம். மாப்பிள்ளை வீட்டுக்கு 'டொனேஷன்' என்று காசாகக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் கொடுத்த காசு திரும்பி வந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

லண்டன் பக்கம் கதை வேறு. மகள் அங்கே குடியிருந்தால் வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். 2022 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் யாரையும் குற்றம் சாட்டாமலே விவாகரத்துப் பெறலாம், ஆனால் நீதிமன்றம் உலகத்தில் எங்கே சொத்திருந்தாலும் கணக்கில் எடுக்கும், தெஹிவளை ஃப்ளாட் உட்பட. அங்கே முன்னுடன்படிக்கைக்கு மதிப்பு அதிகம். இருவரும் விளங்கிக்கொண்டு மனமாரச் செய்ததாக இருந்தால், அநியாயமாகப் போகாத வரை அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ராட்மாக்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. கடைசி நேரக் கையெழுத்து ஆபத்து. ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டிலிருந்து வந்த மணப்பெண்ணிடம் கலியாணத்துக்குச் சில நாள் முன்பு, கையெழுத்து வைக்காவிட்டால் கலியாணம் இல்லை என்று சொல்லி வாங்கிய உடன்படிக்கையை 2017இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவளுடைய சட்டத்தரணி கையெழுத்து வைக்காதே என்று சொல்லியும் வைத்திருந்தாள், அப்படியிருந்தும் தள்ளிவிட்டது. இங்கிலாந்துச் சட்ட ஆணைக்குழு 2014இல் கலியாணத்துக்கு 28 நாள் முன்பே கையெழுத்தாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை என்றாலும் அந்த இடைவெளியை வையுங்கள். இரு பக்கமும் தனித்தனிச் சட்டத்தரணி, சொத்து விவரம் ஒளிவு மறைவில்லாமல், இங்கே எழுதியதை அங்கேயும் ஒரு சட்டத்தரணி பார்த்திருக்க வேண்டும்.

அபசகுனம் என்கிற உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் கலியாணத்துக்கு முன் சீதன உறுதி முடிக்க நொத்தாரிசிடம் யார் போனார்கள்? அதை அன்றைக்கு யாரும் அபசகுனம் என்றிருக்க மாட்டார்கள். சம்பந்தியிடம் பேசும்போது பிரிவைப் பற்றிப் பேசாதீர்கள், ஃப்ளாட் கடனிலிருந்து தொடங்குங்கள். வங்கிக் கணக்கு விடயம் என்றால் மாப்பிள்ளையே பேச்சில் சேர்ந்துகொள்வார். சட்டத்தரணியிடம் வரும்போது காணியின் பழைய உறுதிகள், ஃப்ளாட்டின் உறுதியும் கடன் பத்திரமும், மாப்பிள்ளையின் விசா அல்லது குடியுரிமை விவரம், எழுத்துக்கு (கலியாணப் பதிவுக்கு) குறித்த திகதி, இவ்வளவும் கொண்டு வாருங்கள்.