நெட்வொர்க் வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு: ஊர், கம்பெனி, ஷிப்ட் என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரு எண்ணைச் சொல்லி ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

அண்ணா, ஈசிஇ கடைசி வருஷம். சிசிஎன்ஏ முடித்தால் வேலை கிடைத்துவிடுமா? (விருதுநகர் மாணவர்)

சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் சான்றிதழ். அதை வைத்து இன்டர்வியூ வரை கூப்பிடுவார்கள் தம்பி. அதற்கு மேல் உங்கள் கையில். 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம், முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. கட்டணம் 300 டாலர், வரி தனி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். வீட்டுக் காசு என்பதால் தயாராகாமல் தேதி போடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவரின் கம்ப்யூட்டரிலிருந்து கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. எங்கிருந்து பார்ப்பீர்கள்? நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்கையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பையன்கள் இங்கே திணறுகிறார்கள். பிங் போகிறதென்றால் கேபிள், ஐபி முகவரி, கேட்வே (நெட்வொர்க்கின் வாசல்), வெளியே போகும் பாதை எல்லாம் சரி. அடுத்து, வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். அதுவும் சரியென்றால் பிராக்ஸி (நடுவில் நிற்கும் சர்வர்), ஃபயர்வாலில் வெப்சைட்டுகளுக்கான 443 போர்ட். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் எங்கள் பிழைப்பு. கடைசிப் பதில் தப்பாகப் போனாலும், பார்த்த வரிசை சரியாக இருந்தால் நான் எடுத்துக்கொள்வேன்.

சப்நெட்டிங் மண்டையில் ஏறவே இல்லை சார்.

சப்நெட்டிங் என்றால் ஒரு நெட்வொர்க்கைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது, அவ்வளவுதான். பைனரியை ஓரமாக வைத்துவிட்டுத் தொகுதியின் அளவைப் பாருங்கள். 192.168.10.77/26 என்று வைத்துக்கொள்வோம். முகவரியின் 32 பிட்டில் 26 போக மீதி 6 பிட், அதாவது 64 முகவரி. தொகுதிகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 விழுவது 64-இல் தொடங்குவதில். 64 நெட்வொர்க்கைக் குறிக்கும், 127 எல்லாக் கருவிக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்ட், நடுவில் 62 முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். தினமும் காகிதத்தில் பத்துக் கணக்கு போடுங்கள், பழகிவிடும்.

பயிற்சிக்கு சென்னை ரிச்சி தெருவில் பழைய ரௌட்டர் வாங்கட்டுமா?

முதலில் வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் ட்ரேசர் (கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருள்) இலவசம், சிசிஎன்ஏ வரை அது தாங்கும். பிறகு அதே மாதிரியான ஜிஎன்எஸ்3 அல்லது ஈவ்-என்ஜி. கூடவே, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டு, ஒரு பக்கம் திறக்கும்போது இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் செய்திகள் மூன்றும் போய்வருவதைக் கண்ணால் பாருங்கள். காசு மிச்சமிருந்தால் ஒரு பழைய மேனேஜ்டு சுவிட்சும் (செட்டிங் மாற்றக்கூடியது) அதில் நேரடியாக நுழையும் கன்சோல் கேபிளும் வாங்கலாம். பாஸ்வேர்டு தெரியாத சுவிட்சை மீட்டெடுக்கும் பழக்கம் அதில்தான் வரும். ஃபேன் சத்தத்துக்கு வீட்டில் திட்டு விழும், அது தனி.

ஒரு பயிற்சி மையத்தில் 100% வேலை உத்தரவாதம் என்கிறார்கள். முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கேட்கிறார்கள்.

இரண்டையும் கொடுக்காதீர்கள். டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) வாங்கி மனப்பாடம் செய்யும் யோசனையும் வேண்டாம். மாட்டினால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்துவிடும். மாட்டாவிட்டாலும் மேலே சொன்ன பிங் கேள்வி காத்திருக்கிறது.

டிப்ளமோ முடித்து நான்கு வருஷமாக கேபிளிங் வேலை. கான்ஃபிகரேஷன் பக்கம் வர முடியுமா? (கோவை)

நிச்சயமாக. லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100-இல் நின்றால் கேபிளின் நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை என்று உங்களுக்குச் சட்டென்று தோன்றும். ஷோ இன்டர்ஃபேஸ் கட்டளையில் சிஆர்சி (கெட்டுப்போய் வந்த தரவின்) எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தும் ரௌட்டிங்கையே நோண்டிக்கொண்டிருக்கும் என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். இனி சைட்டில் சுவிட்ச் ஏற்ற வருகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து, விலான் (ஒரே சுவிட்சில் தனித்தனி நெட்வொர்க்), ட்ரங்க் (பல விலானைச் சுமக்கும் லிங்க்) எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். சிசிஎன்ஏ படித்துக்கொண்டே, ஏதாவது வாடிக்கையாளர் இடத்தில் ரெசிடென்ட் என்ஜினீயராக நுழையப் பாருங்கள். பகல் வேலை, கையில் உண்மையான கருவிகள். டிகிரி இல்லை என்று சில பெரிய கம்பெனிகள் கழித்துவிடும், அதை மறைப்பதற்கில்லை.

என்ஓசி-யில் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) எல்1, அதாவது முதல் நிலை, இரண்டு வருஷம். டிக்கெட் (புகார்ப் பதிவு) போடுவது, மேல் நிலைக்கு எஸ்கலேட் செய்வது, அவ்வளவுதான். எல்2 ஆவது எப்படி?

எஸ்கலேட் செய்த டிக்கெட்டை ஷிப்ட் முடியும் முன் மறுபடி திறந்து, எல்2 என்ன செய்தார் என்று படியுங்கள். ஓர் உதாரணம்: கிளை அலுவலகத்திலிருந்து பிங் போகிறது, லாகின் பக்கம் வருகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்குகிறது. லிங்க் அப், அலாரம் இல்லை. நடுவில் இருக்கும் ஜிஆர்ஈ டனல் (பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பும் பாதை) தன் பங்குக்கு 24 பைட் சேர்ப்பதால், ஒரு பாக்கெட்டுக்கான 1500 பைட்டில் 1476 தான் மிச்சம். பெரிய பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற குறியும் (டிஎஃப் பிட்) இருந்து, "பெரிதாக இருக்கிறது" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதோ ஃபயர்வால் தடுத்தால் கதை முடிந்தது. டிஎஃப் பிட்டோடு அளவை மாற்றி மாற்றி பிங் அடித்து, அந்த விவரத்தையும் எழுதி எஸ்கலேட் செய்து பாருங்கள். மேலே இருப்பவர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

இன்னொன்று, சேஞ்ச் விண்டோவில் (மாற்றம் செய்ய ஒதுக்கிய நேரத்தில்) பயம் வேண்டும். சிஸ்கோ ட்ரங்க்கில் புது விலான் சேர்க்கும்போது "ஆட்" என்ற சொல்லை விட்டால், பழைய பட்டியல் மொத்தமும் அழிந்து புதியது மட்டும் நிற்கும். தொலைவிலிருக்கும் ரௌட்டரில் கை வைக்கும் முன் "ரீலோட் இன் 10" கொடுங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் அதுவே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். ஆனால் நடுவில் சேவ் செய்துவிடக் கூடாது, வேலை முடிந்ததும் அதை கேன்சல் செய்யவும் மறக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது பராமரிப்பின்போது போன ஒரு கட்டளையால்தான். அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. சரிசெய்ய உள்ளே போகும் வழியும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து போய்விட்டது.

முன்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். குழந்தைக்காக நான்கு வருஷ இடைவெளி. நைட் ஷிப்ட் முடியாது. எனக்கு வழி உண்டா?

என்ஓசி உங்களுக்குச் சரிவராதுங்க, அங்கே ஷிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் கருவி செய்யும் கம்பெனிகளில் ப்ரோட்டோகால் டெஸ்டிங் என்று ஒரு வேலை உண்டு. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற ரௌட்டிங் விதிமுறைகள் சொன்னபடி நடக்கிறதா என்று சோதிப்பது. சிஸ்கோ, அரிஸ்டா போன்றவற்றுக்குப் பெங்களூரில் பெரிய மையங்கள் இருக்கின்றன. டெஸ்ட் கேஸ் எழுதத் தெரிந்த உங்களுக்கு நெட்வொர்க் அடிப்படையும் பைத்தான் என்ற நிரல் மொழியும் சேர்ந்தால் போதும். அந்த நான்கு வருஷத்தை ரெஸ்யூமில் மறைக்க வேண்டாம்.

கிளவுட், ஏஐ எல்லாம் வந்த பிறகு இந்தத் துறை இருக்குமா?

நூறு சுவிட்சில் ஒவ்வொன்றாக லாகின் செய்து ஒரே வரியை ஒட்டுகிற வேலை போய்க்கொண்டிருக்கிறது, போகட்டும். நெட்மிகோ, ஆன்சிபிள் போன்ற ஆட்டோமேஷன் கருவிகள் அதை நிமிடங்களில் முடிக்கும், கற்றுக்கொள்ளுங்கள். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-க்குள் போனாலும் சப்நெட், ரூட் டேபிள் (பாதைப் பட்டியல்) தான் முதலில் கேட்கும். அலுவலகத்திலிருந்து அதற்கு டைரக்ட் கனெக்ட் (தனி லைன்) இழுத்தால் பிஜிபி வந்து நிற்கும். இப்போது தொடங்குகிறவர் சிசிஎன்ஏ-வுக்குப் பிறகு அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி-க்கு உடனே ஓடாமல், ஆறு மாதம் பைத்தானுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.