74 பொட்டலம் என்றைக்கும் விற்கவில்லையே!

கேள்வி: வாத்தியாரய்யா, வீட்டு வாசலில் காலையில் இடியாப்பம் விற்கிறேன். போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை போன பொட்டலங்கள்: 62, 58, 65, 60, 57, 64, 152. ஞாயிறன்று பக்கத்துக் கோயிலில் திருவிழா. படிவம் நான்கில் படிக்கும் மகள் கூட்டி வகுத்து, "சராசரி 74, தினம் 74 போடுங்கம்மா" என்றாள். இந்த வாரம் தினமும் மீந்துபோய் அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்க்கிறேன். எங்கே தப்பு?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகள் வகுத்ததில் தப்பில்லையம்மா. 518-ஐ 7-ஆல் வகுத்தால் 74தான். ஆனால் எந்த நாளாவது 74-க்குப் பக்கத்தில் விற்றதா? போன வாரமே தினம் 74 போட்டிருந்தால் ஆறு நாளும் மீந்திருப்பது 12, 16, 9, 14, 17, 10, ஆக 78. ஞாயிறன்று பற்றாமல் போயிருப்பதும் அதே 78! சராசரி பார்க்கும் வேலையே அதுதான், மீதியையும் குறையையும் சரிக்கட்டுவது. நோட்டில் சரியாகிவிடும், திங்கட்கிழமை இடியாப்பம் ஞாயிறு வரை தாங்குமா?

நானும் இதில் ஏமாந்தவன். மாலை வகுப்பில் ஐந்து பேர் வாங்கிய மதிப்பெண் 36, 38, 39, 39, 98. 'சராசரி 50' என்று தலைமையாசிரியரிடம் பெருமையாக நீட்டினேன். நாலு பேர் 40-ஐத் தொடவில்லை.

உங்கள் எண்களைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள்: 57, 58, 60, 62, 64, 65, 152. நடுவில் நிற்கும் 62தான் இடைநிலை, மகள் 'மீடியான்' என்பாள். திருவிழாவில் 500 விற்றிருந்தாலும் அது அசையாது.

அடுத்து வீச்சு, அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி, பள்ளியில் 'ஜூலாட்'. ஏழு நாளுக்கு 152-இல் 57 போக 95. ஞாயிறை எடுத்துவிட்டால் வெறும் 8! அவ்வளவு நிதானமான வியாபாரம் உங்களுடையது. அந்த ஆறு நாளின் சராசரி 61, எந்த நாளும் அதிலிருந்து 4-க்கு மேல் விலகவில்லை. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 52; அதை 6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம், அதாவது ஒரு நாள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, ஏறக்குறைய 2.9. கால்குலேட்டர் 3.2 காட்டினால் மகளோடு சண்டை வேண்டாம், அது நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 5-ஆல் வகுக்கும் பொத்தான். வரப்போகும் நாளைக் கணிக்க அதுவே பொருத்தம், எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் மட்டும் 6-ஆல் வகுக்கட்டும்.

சாதாரண நாளில் 65 போடுங்கள், அந்த ஆறு நாளில் அதிகம் விற்றதே அவ்வளவுதான். திருவிழாவைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த வருஷம் உதவும். ஆறு நாள் ரொம்பக் கொஞ்சம். ஒரு மாதம் எழுதிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். மழை பெய்த காலைக்கு மறக்காமல் ஒரு புள்ளி வையுங்கள்.