பீரும் ஹாட்டும்: வாசகர் கேள்விகள்

பதில் தருபவர்: ஓசூரில் ஓட்டல் பார் ஒன்றில் 19 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: பீரில் ஒரு கட்டிங் விஸ்கியை ஊற்றினால்தான் ஏறும், வெளிநாட்டிலேயே இப்படித்தான் குடிக்கிறார்கள் என்கிறான் என் மச்சான். உண்மையா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: குடிக்கிறார்கள் தம்பி, ஆனால் உங்கள் மச்சான் குடிக்கிற அளவில் இல்லை. ரோஜாத் தோட்ட வேலையாக ஓசூருக்கு வந்துபோகும் டச்சுக்காரர் ஒருவர் எங்கள் பாருக்கு வருவார். அவர் நாட்டில் இதற்குப் பெயர் 'கோப்ஸ்டோட்யே'. தலைமுட்டு என்று அர்த்தம். குட்டிக் கிளாஸில் யெனேவர் என்ற சரக்கை விளிம்பு தளும்ப ஊற்றி வைப்பார்கள். தூக்கினால் சிந்திவிடும். அதனால் குனிந்து, மேசையில் இருக்கும்போதே முதல் வாயை உதட்டால் உறிஞ்ச வேண்டும். அதன் பிறகுதான் பக்கத்தில் இருக்கிற பீர். ஜின்னுக்கு முன்னோடியே யெனேவர்தான் என்பதால் நான் ஜின் ஊற்றிக் கொடுப்பேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் குனிகிற அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு கிளாஸும் ஒரு சின்ன பீரும் அவருக்கு முக்கால் மணி நேரம் வரும்.

இப்போது கணக்குப் பாருங்கள். அவர் ஊர்க் கிளாஸில் 35 சதவீத யெனேவர் 35 மில்லி, 5 சதவீத பீர் 250 மில்லி. இரண்டிலும் சேர்த்து சுத்த ஆல்கஹால் 25 மில்லிதான். உங்கள் மச்சானுடையது 650 மில்லி ஸ்ட்ராங் பீர். 8 சதவீதம் என்றால் அதிலேயே 52 மில்லி. 42.8 சதவீத விஸ்கி 90 மில்லியில் இன்னொரு 38 மில்லி. மொத்தம் 90. ஒரு குவார்ட்டரும் அதற்கு மேல் 30 மில்லி பெக்கும் குடித்ததற்குச் சமம். பீரின் குளிர்ச்சியில் விஸ்கியின் காரம் நாக்குக்குத் தெரியாது, மடமடவென இறங்கிவிடும். 'ஏறுது' என்று அவர் சொல்வது இதைத்தான்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். இவர் குடிப்பது அந்த எல்லையை எங்கேயோ தாண்டிவிடும். தொப்பூர் இறக்கத்தில் பகலில் தெளிவாக இருக்கிறவனுக்கே பிரேக் மேல் கால் போகும். பைக் சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்த பிறகு குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதலில் பீர், அப்புறம் ஹாட் (விஸ்கி, பிராந்தி போன்ற சரக்கு) என்றால் காலையில் தலைவலி வராதாமே? (காரிமங்கலம் வாசகர்)

பதில்: வரும். ஜெர்மனியில் 90 பேரை வைத்து, பீரையும் ஒயினையும் வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. எது முதலில் போனாலும் மறுநாள் பாடு ஒன்றுதான். ஹாட்டை வைத்து அவர்கள் பார்க்கவில்லை, ஆனால் நான் பாரில் கண்டதும் அதுவே. அளவைக் குறையுங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: கம்பெனிக்கு வரும் கொரியாக்காரர்கள் 'சோமேக்' கேட்கிறார்கள். நம் சரக்கில் செய்யலாமா? (சூளகிரி வாசகர்)

பதில்: சோஜுவும் மேக்ஜுவும், அதாவது பீரும், சேர்ந்ததுதான் சோமேக். மூன்று பங்கு சோஜு, ஏழு பங்கு பீர் என்பார்கள். சோஜு 16, 17 சதவீதம்தான். அந்த அளவுக்கு நம் வோட்காவை ஊற்றினால் விருந்தாளி பாதியில் சாய்ந்துவிடுவார். 200 மில்லி டம்ளருக்கு வோட்கா 20 மில்லி போதும், மீதி மைல்டு பீர். ஸ்ட்ராங் வேண்டவே வேண்டாம்.

குட்டிக் கிளாஸை அப்படியே பீருக்குள் போட்டுக் குடிக்கும் வித்தையை மட்டும் அனுமதிக்காதீர்கள். அண்ணாந்து குடித்த ஒரு பையனின் முன்பல் நுனி பெயர்ந்தது. டிஷ்யூவில் சுற்றி அவன் கையில் கொடுத்தவன் நான்.

ஊற்றியதும் ஸ்பூனை டம்ளரின் அடிவரை விட்டு டக்கென்று ஒரு தட்டு தட்டுங்கள். நுரை பொங்கி மேலே வரும். அது அடங்குவதற்குள் கொடுத்துவிடுங்கள்.