முட்டிபோட்டுப் பெற்றால் ஆபத்தில்லையா?

கேள்வி: எனக்கு 36 வாரம். முதல் குழந்தை சுகப்பிரசவம். இந்தக் குழந்தைக்கு இன்னும் தலை திரும்பவில்லை, பிட்டம்தான் கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டாக்டர் சிசேரியன் என்கிறார். ஆன்லைனில் பிரசவ வகுப்பு எடுப்பவரோ, கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வதுபோல் இருந்தால் குழந்தை தானாக வந்துவிடும், வீட்டிலேயே பெறலாம் என்கிறார். நம்பலாமா? (வாசகி, தாராவி, மும்பை)

வீட்டில் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

வகுப்பு எடுப்பவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மருத்துவர்கள் பிட்டம் முதலில் வரும் பிரசவங்களைப் பற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மல்லாந்து படுத்துப் பெற்றவர்களைவிட நிமிர்ந்தோ முட்டிபோட்டோ பெற்றவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது. கைபோட்டு எடுக்க வேண்டிய தேவையும் குழந்தைக்குக் காயமும் குறைந்தன. ஆனால் அங்கே பக்கத்தில் நின்றவர்களுக்கு அதில் நல்ல பழக்கம். உங்கள் வகுப்புக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

பிட்டம் முதலில் வரும் பிரசவத்தில் பெரிய பாகமான தலை கடைசியில் வருகிறது. உடம்பு வெளியே, தலை உள்ளே என்று இருக்கும் நிமிடங்களில் தொப்புள்கொடி அழுந்தும். கையோ தலையோ மாட்டிக்கொண்டால் உடனே விடுவிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அம்மா முட்டிபோட்டிருந்தால் குழந்தையின் வயிறும் மார்பும் எடுப்பவரைப் பார்த்தபடி இறங்கும். நிறம், அசைவு, கொடி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். மல்லாந்து படுத்திருந்தால் தெரிவது முதுகு. நம் மருத்துவர்களில் பெரும்பாலோர் கற்றது இந்த இரண்டாவதை. பழகாதவரை முட்டிபோட்ட நிலையில் எடுக்கச் சொன்னால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அவசரத்தில் கை தடுமாறும். அவரிடம் மல்லாந்து படுப்பதே மேல். பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டியும் இரண்டு நிலையும் சரி, எடுப்பவருக்கு எது பழக்கமோ அதையும் பார்க்க வேண்டும் என்கிறது.

அப்படிப் பழகியவர்கள் ஏன் குறைவு? 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, பிட்டம் கீழே இருந்தால் சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்றது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் இப்படிச் சுகப்பிரசவம் பார்ப்பதற்குக் கதவைச் சாத்தின. அதே ஆய்வின் குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2004இல் வந்ததை யார் படித்தார்கள்? இளம் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, இப்போது "தெரிந்த ஆள் இல்லை" என்று கையை விரிக்கிறோம். இது உங்கள் டாக்டரின் குற்றமில்லை. அவருக்குப் பழக்கம் இல்லையென்றால் சிசேரியன்தான் நேர்மையான பதில்.

ஆனால் அதற்கு முன் ஒன்று கேளுங்கள். வயிற்றின் மேலிருந்தே கையால் குழந்தையின் தலையைக் கீழே திருப்பும் முறை இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு 37 வாரம் வாக்கில் செய்வார்கள். பாதிப் பேருக்குப் பலிக்கும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஸ்கேன், இதயத்துடிப்பு மானிட்டர், ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற இடத்தில் மட்டும். எண்ணெய் தடவித் திருப்புகிறேன் என்று வீட்டுக்கு வரும் பாட்டியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்குத் தனி ஊசி உண்டு, மறக்காமல் சொல்லுங்கள்.

இனி தரகர்கள். "இயற்கைப் பிரசவ பேக்கேஜ்" விற்பவர்களிடம் ஒரே கேள்வி போதும்: வலி எடுத்த இரவில் என் பக்கத்தில் நிற்பது யார்? பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் "இங்கே பெட் கிடைக்காது, தெரிந்த நர்சிங் ஹோம் இருக்கிறது" என்பவருக்குக் கமிஷன் உண்டு. அந்த நர்சிங் ஹோமோ கடைசி நேரத்தில் உங்களைத் திரும்ப அதே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இந்தக் கூத்து அலுத்துவிட்டது.

வீட்டில் வேண்டாம் என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, இதை வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிட்டம் வெளியே தெரிந்துவிட்டால் முட்டிபோட்டு இருங்கள். யாரும் குழந்தையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா, மாமியார், யாரும்தான். இழுத்தால் குழந்தையின் கைகள் மேலே போய்த் தலையோடு மாட்டும், தலையும் நிமிர்ந்துவிடும். 108ஐக் கூப்பிட்டு, துணியை விரித்து, வலி வரும்போது அம்மா முக்கட்டும். கால் முதலில் தெரிந்தாலும் இழுக்காதீர்கள். பனிக்குடம் உடைந்து கொடி வெளியே வந்துவிட்டது, குழந்தை இன்னும் வரவில்லை என்றால் அம்மா முழங்காலையும் மார்பையும் படுக்கையில் பதித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை இடுப்பைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்; ஆம்புலன்ஸில் இடது பக்கமாகப் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்படிப் பிறந்தாலும், மூச்சு கொடுக்கத் தெரிந்த குழந்தை மருத்துவர் அறையில் இருக்க வேண்டும். இப்படி வரும் குழந்தை துவண்டு பிறப்பது உண்டு. பிட்டத்தில் நீலம் பாய்ந்திருந்தால் சில நாளில் மறையும். சிசேரியனில் பிறந்தாலும் சரி, ஆறு வாரத்தில் இடுப்பு மூட்டுக்கு ஸ்கேன் எடுங்கள். இதைப் பலர் எழுதித் தருவதில்லை, நீங்களாகக் கேட்க வேண்டும்.

உங்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்த வகை கார்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஓபிக்குப் போய், குழந்தையைத் திருப்பிப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.