ஷிப்ட் மாற்றத்தை மறுத்ததால் பணியிடை நீக்கம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஒரகடம் பகுதியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். தாயாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருப்பதால் பகல் ஷிப்டில்தான் வேலை பார்த்து வந்தேன். என்மீது முன்விரோதம் கொண்ட மேற்பார்வையாளர், மறுநாள் முதல் இரவு ஷிப்ட் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். நான் வழக்கம்போல் காலையில் சென்றேன். கேட்டிலேயே நிறுத்தி, பணியிடை நீக்க உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு பதிவுத் தபால் வந்தது, நான் வாங்கவில்லை. உத்தரவை ரத்து செய்ய வழக்குப் போடலாமா?

பதில்: மேற்பார்வையாளரின் முன்விரோதமும் உங்கள் பதினோரு ஆண்டு உழைப்பும் இந்தக் கட்டத்தில் எதையும் தீர்மானிக்கப் போவதில்லை. அந்த ஷிப்ட் உத்தரவு உங்கள் நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளுக்கு (அதாவது, அரசு அதிகாரி சான்றளித்த பணி விதிகளுக்கு) உட்பட்டதா என்பது ஒன்றே கேள்வி. ஏற்கெனவே உள்ள ஷிப்டுகளுக்கிடையே தொழிலாளியை மாற்ற நிலையாணை இடம் தந்தால், 21 நாள் முன்னறிவிப்பு தரவில்லை என்ற வாதம் எடுபடாது. ஷிப்ட் முறையையே நிலையாணைக்குப் புறம்பாகத் தொடங்கும்போதோ மாற்றும்போதோ நிறுத்தும்போதோதான் அந்த முன்னறிவிப்பு கட்டாயம். மாறாக, ஷிப்ட் மாற்றத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று நிலையாணை சொல்லியும் வாட்ஸ்அப் செய்தி மட்டுமே வந்திருந்தால், அது உங்களுக்கு நல்ல வாதம். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

வழக்கு இப்போது வேண்டாம். நிர்வாகம் நடத்தும் உள்விசாரணையை எதிர்நோக்கிய பணியிடை நீக்கம் சட்டப்படி தண்டனை அல்ல. வேலையிலிருந்து நீக்கப்பட்டால் தொழிலாளி தனியாகவே தொழில் தகராறு எழுப்பலாம். பணியிடை நீக்கத்துக்கு அந்த வழி இல்லை, சங்கமோ சக தொழிலாளர்களோ எடுத்து நடத்த வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, தபாலை வாங்கவில்லை என்ற அந்த ஒரு வரிதான். வாங்காவிட்டால் குற்றச்சாட்டே இல்லை என்று நம்பி வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். "வாங்க மறுக்கப்பட்டது" என்ற குறிப்போடு திரும்பிய உறையை, முறையாக உங்களிடம் சேர்க்கப்பட்டதாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. நிர்வாகம் அந்த உறையைப் பிரிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் நாற்காலி காலியாக இருக்க, ஒருதலைப்பட்சமாக விசாரணையை முடித்துவிடும். அதற்குப்பின் வழக்கறிஞரிடம் வரும்போது உங்கள் கையில் இருப்பது பணிநீக்க உத்தரவாகவே இருக்கும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் கை நழுவிப் போயிருக்கும். ஆகவே அந்தத் தபாலில் வந்திருக்கக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் நகலை இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். விளக்கத்தில் "என் தாயாருக்காகத்தான் இரவு ஷிப்டுக்குப் போகவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். உத்தரவை வேண்டுமென்றே மீறினீர்கள் என்பதற்கு நிர்வாகத்துக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

அடுத்த ஆபத்து பணம் சார்ந்தது. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், அதன்பின் 180 நாள் வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் முழுமையாகவும் பிழைப்பூதியம் (பணியிடை நீக்கக் காலத்தில் நிர்வாகம் தர வேண்டிய தொகை) உண்டு. இடையில் வேறு வேலையில் சேர்ந்தால் அந்த உரிமை போய்விடும். விசாரணை உங்களால் இழுத்தடிக்கப்பட்டால் 50 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். வீட்டுச் செலவுக்காக உணவு டெலிவரிக்குப் போனவரை நிர்வாகம் புகைப்படம் எடுத்து வந்து விசாரணையில் நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். தண்டனையைக் குறைக்கத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அந்தத் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும். வாரம் மூன்று டயாலிசிஸை வைத்துக்கொண்டு நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. உத்தரவின் செல்லுபடியை ஒப்புக்கொள்ளாமலும் உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமலும் ஒதுக்கப்படும் ஷிப்டில் பணிபுரியத் தயார் என்று எழுதுங்கள். டயாலிசிஸ் நாட்களுக்கு மட்டும் மாற்று ஏற்பாட்டைத் தனி மனுவாக, மருத்துவச் சான்றுடன் கேளுங்கள். நிர்வாகம் இறங்கி வந்தால், சங்கத்தை உடன் வைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். மனிதவளத் துறை அறையில் நீட்டப்படும் மன்னிப்புக் கடிதத்திலோ தேதியிடாத ராஜினாமாவிலோ எந்த உறுதிமொழியை நம்பியும் கையெழுத்திடாதீர்கள்.