ஹார்ட்விக் ஹால்: இத்தனை ஜன்னல், சுவர் எங்கே?

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் மாளிகையைப் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: படத்தில் முகப்பு முழுக்க ஜன்னலாகவே இருக்கிறதே, மூன்று தளத்தின் பாரத்தை எது தாங்குகிறது?

ப: பெரும்பாலும் உட்சுவர்கள்தான். கட்டடத்தின் நடுவே முதுகெலும்பு போலத் தடித்த கற்சுவர்கள் ஓடுகின்றன. கணப்புகளையும் புகைக்குழாய்களையும் அவற்றுக்குள் வைத்துவிட்டதால் வெளிச்சுவரில் ஜன்னல்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. ஆறு கோபுரங்கள் சுவரை அங்கங்கே மடக்கி நிறுத்துவதால் அது எளிதில் சாயாது. திட்டம் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பதே பொதுவான கருத்து; லாங்லீட், வோலட்டன் மாளிகைகளிலும் அவர் கை உண்டு. கட்டியவர் ‘பெஸ்’ என்று அறியப்பட்ட ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். 1590-ல் வேலை தொடங்கி, 1597-ல் குடிபுகுந்தார். கோபுர உச்சிகளில் கல்லில் நிற்கும் ‘ஈ எஸ்’ எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகள். ஜன்னல்களைப் பார்த்து வியப்பவர்கள் அந்த உட்சுவர்களைக் கவனிப்பதில்லை. என் கணக்கில் ஸ்மித்சனின் மேதைமை அங்கேதான் இருக்கிறது.

கே: மேலே போகப் போக ஜன்னல் உயரமாவது ஏன்?

ப: மதிப்பு மேலே போகப் போகக் கூடுகிறது. தரைத்தளத்தில் வேலைக்காரர்களும் சமையலும், நடுத்தளத்தில் குடும்பம், உச்சியில் விருந்து மண்டபமும் 160 அடிக்கு மேல் நீளமுள்ள நெடுங்கூடமும். சமைத்த உணவு கற்படிகளில் ஊர்வலமாக உச்சிக்குப் போகும். வெளியே சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகச் சில ஜன்னல்கள் வெறும் தோற்றத்துக்கு வைக்கப்பட்டவை. பின்னால் சுவரோ புகைக்குழாயோ இருக்கும்.

கே: இவ்வளவு ஜன்னலுக்கும் அந்த அம்மாள் ஜன்னல் வரி கட்டினாரா?

ப: இல்லை. அந்த வரி வந்தது 1696-ல், போனது 1851-ல். பெஸ் இறந்தது 1608-ல்.

கே: பழைய ஈயக்கட்டு ஜன்னல்கள் ஏன் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கின்றன? எப்படிச் சரிசெய்வார்கள்?

ப: அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடிப் பலகை கிடையாது. உள்ளங்கை அளவுத் துண்டுகளை ‘எச்’ வடிவ ஈயப்பட்டைகளில் செருகி, சந்துகளைப் பற்றவைத்து, குறுக்கே போகும் இரும்புக் கம்பிகளோடு கட்டுவார்கள். ஈயம் மென்மையானது, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிச் சுருங்கி நாளடைவில் தளரும். கட்டுக்கம்பி அறுந்தால் காற்று தள்ளும் பக்கம் புடைக்கும். பட்டையிடுக்கை அடைக்கும் பட்டி என்ற பசை உதிர்ந்தால் மழைநீர் உள்ளே வரும்.

புடைப்பைக் கையால் அழுத்தி நிமிர்த்தக்கூடாது, கண்ணாடி நொறுங்கும். முதலில் காகிதத்தை வைத்துத் தேய்த்துப் படி எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் இடுவார்கள். பிறகு சட்டத்தைக் கழற்றிப் பழைய ஈயத்தை நீக்கி, அதே கண்ணாடியைப் புது ஈயத்தில் கோப்பார்கள். சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த பட்டியை இரு பக்கமும் பிரஷ்ஷால் இடுக்குகளில் அழுத்தி, அது இறுகும்வரை சில நாள் படுக்கையிலேயே விடுவார்கள். அவசரப்பட்டு நிமிர்த்தினால் அத்தனை வேலையும் வீண்.

இதைவிட மோசமான சேதம் கல்லில் நடக்கும். இரும்புக் கம்பியின் முனை ஜன்னலின் கல் சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். முனையருகே மயிரிழை விரிசலும் பழுப்புக் கசிவும் தெரிந்தால் அதுதான் அறிகுறி. அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது வெண்கல முனை பொருத்துவார்கள். சந்துகளுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் சந்து வழியே வெளியேற முடியாமல் மணற்கல்லுக்குள் தங்கி, பனிக்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தையே உரித்துவிடும். நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டால் பாழான கற்கள் இங்கிலாந்தில் ஏராளம்.

கே: உள்ளே ஏன் திரை போட்டு இருட்டாக வைத்திருக்கிறார்கள்?

ப: சுவரில் தொங்கும் சித்திர நெசவுச் சீலைகளுக்காக. பைபிளில் வரும் கிதியோன் என்ற வீரரின் கதையைச் சொல்லும் 13 நெய்த சீலைகள் நெடுங்கூடத்தில் உள்ளன, 1592-ல் வாங்கப்பட்டவை. அவற்றைச் செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் ஆயின, 2023-ல் வேலை முடிந்தது. வெளிச்சம் சாயத்தைத் தின்பது மீளாத சேதம். ஒவ்வொரு நாளின் வெளிச்சமும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்துவது அருங்காட்சியக வழக்கம். மேகமில்லாத பகலில் ஜன்னலோரத்தில் இது பல நூறு மடங்கு தாண்டும். போகிறவர்கள் வாசலிலேயே இரண்டு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். மங்கலிலும் நெசவின் நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.