ஆலோசகரிடம் சொல்லாமல் விட்ட ஒரு வரி

கேள்வி: ஈரோட்டைச் சேர்ந்தவள், வயது 36. தூக்கமில்லை, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லை. மூன்று வாரங்களாகக் கவுன்சலிங் போகிறேன். ஆலோசகர் அறிவுரையே சொல்வதில்லை, கேள்விதான் கேட்கிறார். வெளியே வந்தால் அழுகை கூடுகிறது. கவுன்சலிங் நோயை அதிகமாக்கும் என்று இணையத்தில் படித்தேன். தூங்குவதற்கு அக்காவின் அல்பிரசோலம் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். சில இரவுகளில், காலையில் எழாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. ஆலோசகரிடம் இதைச் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லிவிடுவாரோ, மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம்.

பதில்: அடுத்த முறை போனதும் முதலில் சொல்ல வேண்டியது அந்த இரவு எண்ணத்தைத்தான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் நாளைக்கே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். வாய் வரவில்லையா? எனக்கு எழுதிய வாக்கியத்தையே ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

பயிற்சி பெற்றவர் இதைக் கேட்டுப் பதற மாட்டார். எத்தனை நாளாக இப்படி, சாக வேண்டும் என்றே தோன்றுகிறதா, வழி ஏதும் யோசித்தீர்களா என்று நேராகக் கேட்பார். அப்படிக் கேட்பதால் எண்ணம் வலுப்பதில்லை. பிறகு இருவருமாக ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவீர்கள்: எண்ணம் தலைதூக்கும்போது என்ன செய்வது, யாரை எழுப்புவது, வீட்டில் எதைக் கைக்கெட்டாமல் வைப்பது.

இந்த எண்ணம் வந்தவர்களை எல்லாம் மருத்துவமனையில் சேர்ப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருபவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். அப்போதும் பொறுப்புள்ள ஆலோசகர் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கணவரிடம் பேசுவார். முதல் நாளே இதை விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கவுன்சலிங் பற்றி நீங்கள் சொன்ன மற்றவை பெரிய விஷயமல்ல. அடக்கி வைத்ததைப் பேசினால் அழுகை வரும். அறிவுரை சொல்லாதது குறையும் அல்ல. உங்கள் மனம் எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் சொல்லும் அறிவுரையால் பயனில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கே பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். மூன்றில் எதையும் முடிவு கட்டாதீர்கள். உங்களைப் பார்த்திராத இணையப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததை நீங்கள் எப்படிப் போடலாம்? அது பழக்கமாகிவிடும், மனச்சோர்வையும் கூட்டலாம். தினமும் போட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அளவை எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். தைராய்டு பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். அதுவரை அட்டை உங்கள் தலைமாட்டில் இருக்கக் கூடாது, அக்காவிடமே இருக்கட்டும்.

இன்றிரவே அந்த எண்ணம் வந்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். எப்படிச் சாவது என்று மனம் வழி தேடத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். கணவரை எழுப்பி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.